போர் வரலாறு படிக்க எங்கே தொடங்குவது? பர்மா முனையை வைத்து ஒரு விவாதம்

3 ஜனவரி, வாசகர் கேள்வி

போர் பற்றிய ஆவணப்படங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். இனிப் புத்தகமாகப் படிக்கலாம் என்று தேடினால், "கட்டாயம் படிக்க வேண்டிய 50 நூல்கள்" என்று எங்கே போனாலும் ஒரு பட்டியல். கிரேக்கர்களில் ஆரம்பித்து நெப்போலியன், கிளாஸ்விட்ஸ், ஸ்டாலின்கிராட் என்று போகிறது. மூன்று வாங்கினேன், எதிலும் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. பெயர்கள் மனதில் நிற்கவில்லை. படைப்பிரிவு எண்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது, தமிழ் வாசகருக்கு ஒட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கே தொடங்கலாம்?

4 ஜனவரி

பட்டியலை முதலில் மூடி வையுங்கள். அம்பது போருக்கு அம்பது புத்தகம் படித்தால் அம்பது தடவை புதிதாகப் பெயர் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரே ஒரு போர்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தளபதி எழுதியதில் படியுங்கள், சிப்பாய் எழுதியதில் படியுங்கள், எதிரி எழுதியதில், ஊரைவிட்டு ஓடியவர் எழுதியதில் படியுங்கள். மூன்றாவது புத்தகத்துக்கு வரும்போது மலைகளும் ஆறுகளும் ஆட்களும் தெரிந்த முகமாகிவிடுவார்கள். அதற்கப்புறம் எந்தப் போரை எடுத்தாலும் பயமிருக்காது.

என்னைக் கேட்டால் பர்மா, 1942 முதல் 1945 வரை. முதலில் தோல்வி, பிறகு முற்றுகை, அப்புறம் திரும்பி வந்த வெற்றி என்று மூன்றே முக்கால் வருடத்தில் எல்லாம் ஒரே நிலப்பரப்பில் நடக்கிறது. ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை போட்ட பிரிட்டிஷ் 14ஆம் படையில் பெரும்பகுதி இந்திய வீரர்கள். நீங்கள் கேட்ட "ஒட்டுவதற்கு" என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதல் புத்தகம், ஜெனரல் வில்லியம் ஸ்லிம் 1956இல் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி'. 1942 மார்ச்சில் தோற்றுக்கொண்டிருந்த படையின் பொறுப்பு அவரிடம் வருகிறது. ரங்கூன் அந்த மாதம் 8ஆம் தேதியே விழுந்துவிட்டது. பர்மாவின் நீளம் முழுக்கப் பின்வாங்கி, மே மாதம் மழை பிடிக்கும் நேரத்தில் கந்தல் துணியோடு மணிப்பூருக்குள் வந்து சேர்கிறார்கள். அந்தத் தோல்வியை அவர் வேறு யார் தலையிலும் கட்டவில்லை. 1944இல் ஜப்பானியர் மணிப்பூருக்குள் புகுந்து தாக்கிய இம்பால் சண்டையிலும் அப்படித்தான்: 17ஆவது டிவிஷனை, பர்மாவின் திட்டிமிலிருந்து இம்பாலுக்கு வரும் திட்டிம் சாலையிலிருந்து பின்னுக்கு இழுக்கும் உத்தரவைத் தானே நேரத்தோடு கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். கொஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்று கணித்ததையும், ஒரு முழு டிவிஷன் வந்து நின்றதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். தளபதிகளின் சுயசரிதையில் இது அபூர்வம்.

சண்டைப் பக்கங்களைவிட எனக்குப் பிடித்தது நடு அத்தியாயங்கள். 1943இல் காயம்பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு, நோய் கண்டு அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று கணக்குக் காட்டுகிறார். பெரும்பாலும் மலேரியா. மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, ஆட்கள் விழுங்க வேண்டுமே. திடீர் திடீரென்று ஒரு யூனிட் முழுக்க ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். மாத்திரையின் தடயம் போதிய அளவு இல்லையென்றால் அந்தக் கமாண்டிங் ஆபீசருக்கு வேலை போச்சு. மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டதாம். அதேபோல விமானத்திலிருந்து சாமான் இறக்கப் பாராசூட் கிடைக்காதபோது, கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைப் பிடித்துச் சணலில் பாராசூட் தைக்க வைத்தார்கள். வழக்கமான பாராசூட் ஒன்றின் விலை 20 பவுண்டு, இதன் விலை ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். போரில் ஜெயிப்பது இந்த மாதிரி வேலைகளால் என்று நான் முதன்முதலாக உணர்ந்தது இந்தப் பக்கங்களில்தான்.

4 ஜனவரி, இரவு

வாங்கும்போது வரைபடங்கள் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சில மலிவுப் பதிப்புகளில் வரைபடம் தபால்தலை அளவில் கறுப்பாக இருக்கும். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலைப் பழைய கடைகளில் தேடினால் நல்ல பழைய பிரதி மாட்டும். எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு எழுதியிருந்தார் முந்தைய வாசகர், அதுவும் நன்மையாகவே போயிற்று.

6 ஜனவரி

ஸ்லிமை அவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அவருடைய எழுத்து ரொம்ப வசீகரமானது. தன் குறைகளைத் தானே சொல்கிறவரை வாசகர் முழுசாக நம்பிவிடுவார். அதனால் ஸ்லிம் முடித்த கையோடு அடுத்த தளபதியிடம் போகாதீர்கள், கீழே இறங்குங்கள்.

ஜார்ஜ் மெக்டொனால்ட் ஃப்ரேசர், 'குவார்ட்டர்டு சேஃப் அவுட் ஹியர்'. ஆசிரியர் 19 வயதில் பார்டர் ரெஜிமென்ட்டில் சாதாரணச் சிப்பாய். ஸ்லிமின் படையில், அதே 17ஆவது இந்திய டிவிஷனில் இருந்தவர். 1945இல் நடு பர்மாவின் மெய்க்டிலாவிலிருந்து தெற்கே போன சண்டைகளை, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியிருக்கிறார். அதிகாரபூர்வ வரலாற்றில் அன்றைய நாளைப் பற்றி உள்ள நான்கு வரியைக் காட்டிவிட்டு, தன் செக்‌ஷனில் இருந்த பத்துப் பேருக்கு அந்த நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தொடங்குவார். சிப்பாய்க்குத் தெரிந்தது முன்னால் இருக்கும் புதரும் பக்கத்தில் இருக்கும் ஆளும் மட்டுமே. எந்த டிவிஷன் எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது என்று அவரே எழுதுகிறார்.

ஜப்பானியர் மேல் அவருக்கு இருந்த வெறுப்பு கடைசி வரை போகவில்லை. அதை மழுப்பவும் மாட்டார். படிக்கச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். இருபது வயதுகூட ஆகாதவன் பக்கத்தில் நின்ற நண்பனை இழந்தால் மனதில் என்ன தங்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆபீசரின் பார்வை வேண்டுமென்றால் ஜான் மாஸ்டர்ஸ், 'தி ரோடு பாஸ்ட் மாண்டலே', 1961. கூர்க்கா ஆபீசர். 1944இல் ஜப்பானியர் கோட்டுக்குப் பின்னால் புகுந்து சண்டை போட்ட சிண்டிட் படையில் ஒரு பிரிகேடை நடத்தியவர். முற்றுகையில் சிக்கிய இடத்தை விட்டு வெளியேறும்போது, தூக்கிச் செல்லவும் முடியாத, பிழைக்கவும் வழியில்லாத 19 காயக்காரர்களைச் சுட்டுவிடச் சொல்லி உத்தரவிட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கம் இருக்கிறதே, அதை நான் ஒரே தடவைதான் படித்தேன். மறுபடி புரட்ட மனம் வரவில்லை.

9 ஜனவரி

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. தமிழ் வாசகருக்கு இதில் என்ன?

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அன்றைய ரங்கூன் இந்தியர்கள் நிறைந்த ஊர். துறைமுகக் கூலி, வயல் கூலி, செட்டியார் கிட்டங்கி, அச்சகம், கடை என்று எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள். அடுத்த சில மாதங்களில் சுமார் ஐந்து லட்சம் பேர் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல ஆயிரம். வெள்ளையர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து அனுப்புகிறார்கள் என்ற புகார் அப்போதே இந்திய அரசியலில் பெரிதாக வெடித்தது.

அந்த நடையைத் தமிழில் எழுதியவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்த அதே சர்மாதான். அவருடைய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' நூலை யாரும் "ராணுவ வரலாறு" என்று அலமாரியில் வைப்பதில்லை. நான் அதை ஸ்லிமின் முதல் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒரே வருடம், ஒரே திசை, ஒரே மலை. படை ஒரு கணக்கோடு பின்வாங்குகிறது. மக்கள் எந்தக் கணக்கும் இல்லாமல் மூட்டை முடிச்சோடு போகிறார்கள். ஸ்லிமும் அவர்களைப் பார்த்திருக்கிறார். பெரியம்மை கண்டு சாகக் கிடக்கும் ஓர் இந்தியப் பெண், அவள் வாயில் பால் ஊட்டப் பார்க்கும் சின்னப் பையன், அந்தப் பால் டின்னைக் கொடுத்தது ஒரு பிரிட்டிஷ் சிப்பாய். தாய் இறந்ததும், இன்னொரு இந்தியக் குடும்பத்துக்கு லாரியில் இடம் கொடுத்துப் பையனை ஏற்க வைத்ததாக எழுதுகிறார். ஸ்லிமுக்கு இது ஒரு பத்தி, சர்மாவுக்கு அதுவே புத்தகம்.

என் அப்பாவின் பெரியம்மா அந்தக் கூட்டத்தில் குழந்தையாக வந்தவர். ரங்கூன் பற்றிக் கேட்டால் வீட்டு வாசல், சந்தை, படகு என்று நிறையச் சொல்வார். நடந்து வந்ததைப் பற்றிக் கேட்டால் "வந்தோம்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவர் போன பிறகுதான் நான் சர்மாவைப் படித்தேன். அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் அதில் இருந்தது.

அடுத்தது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', மலேசியத் தமிழ் நாவல். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர் போட்டு முடித்தார்கள். இம்பாலைத் தாக்கிய படைகளுக்கு அரிசியும் குண்டும் பர்மாவுக்குள் போக வேண்டுமே, அதற்குத்தான் அந்தப் பாதை. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைப்போல மூன்று மடங்கு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அதில் பெருந்தொகை. கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தமிழர்களுக்குப் பெயர்ப் பதிவேடே ஒழுங்காகக் கிடையாது. ஆவணம் இல்லாத இடத்தில் நாவல்தான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு நாவலைத் துணிந்து இந்த வரிசையில் சேர்க்கிறேன்.

மூன்றாவது ப. சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி'. இதை இங்கே பலர் படித்திருப்பீர்கள். ஜப்பான் படை சுமத்ராவின் மெடானுக்குள் நுழைவதில் தொடங்கி, மலாயா, இந்திய தேசிய ராணுவம் என்று போகும். போர் வரலாறு படித்துவிட்டுத் திரும்ப இதை எடுத்துப் பாருங்கள், வேறு புத்தகமாகத் தெரியும். வட்டிக்கடைப் பையன்களின் பேச்சுக்கு நடுவில் ஒரு சாம்ராஜ்யம் இடிந்து விழுவது கேட்கும்.

9 ஜனவரி, இரவு

குவாய் ஆற்றுப் பாலம் படத்தை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். 1957இல் வந்த அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல். நல்ல படம், போர்க்கைதிகளின் கதை. அந்த ரயில் பாதையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அந்தப் படத்தின் வழியாகத்தான். தோட்டத் தமிழர்கள் நினைவிலிருந்து விழுந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

13 ஜனவரி

படைப்பிரிவு எண் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றீர்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் போதும். ஒரு பட்டாலியன் சுமார் 800 பேர். மூன்று பட்டாலியன் சேர்ந்தது பிரிகேட். மூன்று பிரிகேடும் பீரங்கி, பொறியாளர், மருத்துவப் பிரிவுகளும் சேர்ந்தது டிவிஷன். இந்தியப் படையில் 1/17 டோக்ரா என்று எழுதியிருந்தால் 17ஆவது டோக்ரா ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். ஜப்பானியர் கணக்கில் மட்டும் ரெஜிமென்ட் என்பது ஏறக்குறைய பிரிட்டிஷ் பிரிகேடுக்குச் சமம். மேலே ஸ்லிமின் தப்புக் கணக்கைச் சொன்னேனே, ஒரு ரெஜிமென்ட் வரும் என்று நினைத்த இடத்தில் மூன்று வந்தன. இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அந்த அதிர்ச்சி உறைக்கும்.

வரைபடம் இல்லாமல் இந்தப் புத்தகங்களைத் தொடாதீர்கள். நான் செய்வது இதுதான்: கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, நிலத்தைச் சாய்த்து மலை எழும்பி நிற்கும்படி வைத்துக்கொள்வேன். புத்தகத்தில் ஒரு பெயர் வந்ததும் அங்கே போய் நிற்பேன். திட்டிம் சாலையில் பல இடங்களுக்குப் பெயரே கிடையாது, இம்பாலிலிருந்து எண்ணிய மைல்கல்தான் பெயர். மைல்கல் 109இல் பெரிய சாமான் கிடங்கு இருந்தது, ஜப்பானியர் அதைப் பிடித்தார்கள், 17ஆவது டிவிஷன் சண்டை போட்டு மீட்டுக்கொண்டு வந்தது. மலைக்குப் பெயர் இல்லாவிட்டால் அதன் உயரத்தை அடிக் கணக்கில் சொல்வார்கள். பிஷன்பூர் பக்கத்தில் பாயின்ட் 2926 அப்படித்தான். உள்ளூரில் அதற்குச் சிவப்பு மலை என்று பெயர், 2019இல் அங்கே இம்பால் அமைதி அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

நுங்ஷிகும் குன்றை மட்டும் கட்டாயம் இப்படிப் பாருங்கள். 3,833 அடி, சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் செங்குத்தாக எழுகிறது. 1944 ஏப்ரல் 13 அன்று இதன் மேல் டாங்கிகளை ஏற்றினார்கள். சரிவு அவ்வளவு கடுமை என்பதால் டாங்கி கமாண்டர்கள் தலையை வெளியே நீட்டி வழி சொல்ல வேண்டியிருந்தது. கூடப் போன டோக்ராக்களின் பிரிட்டிஷ் ஆபீசர்களும் டாங்கிப் படை ஆபீசர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் அடிபட்டார்கள். கடைசியில் ஒரு சுபேதாரும் ஒரு சார்ஜென்ட் மேஜரும் சேர்ந்து உச்சியைப் பிடித்தார்கள். புத்தகத்தில் படித்தபோது "குன்றைப் பிடித்தார்கள்" என்று கடந்து போய்விட்டேன். சரிவைத் திரையில் பார்த்த பிறகுதான் டாங்கி எப்படி ஏறியிருக்கும் என்று மலைத்துப்போனேன்.

நேரில் போக முடிந்தால் கொஹிமா. துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் கோடுகளைக் கான்கிரீட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு டென்னிஸ் மைதானத்தின் நீளம் 24 மீட்டர் கூட வராது. இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை, நடுவில் கையெறி குண்டு. ஓரத்தில் நின்றுகொண்டு எதிர் ஓரத்தில் இருந்த சுற்றுலாப் பயணிகள் பேசிக்கொண்டதை என்னால் தெளிவாகக் கேட்க முடிந்தது.

17 ஜனவரி

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால், "எதிரி எழுதியது என்றீர்களே, எங்கே?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்.

லூயிஸ் ஆலன், 'பர்மா: தி லாங்கஸ்ட் வார்', 1984. போர்க்காலத்தில் ஜப்பானிய மொழி தெரிந்த உளவுப் பிரிவு ஆபீசர். பிறகு ஜப்பானிய நூல்களையும் நினைவுக் குறிப்புகளையும் வாசித்து இரு பக்கமும் சேர்த்து எழுதினார். இந்த முனையைப் பற்றி ஒரே ஒரு முழு வரலாறு வேண்டும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் முதலில் படிக்க வேண்டாம், கனமான புத்தகம்.

ஏன் இதைப் படித்தே ஆக வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். கொஹிமாவைத் தாக்கிய 31ஆவது டிவிஷனின் தளபதி சாட்டோ. ஸ்லிம் அவரைத் தன் புத்தகத்தில் ஒரு பிடி பிடிக்கிறார். கொஹிமாவில் முட்டிக்கொண்டிருக்காமல் சுற்றிக்கொண்டு திமாப்பூருக்குப் போயிருந்தால் மொத்தக் கிடங்கும் ரயில் நிலையமும் அவர் கையில் விழுந்திருக்கும், அந்தச் சமயோசிதம் அவருக்கு இல்லை என்கிறார். விமானப் படை ஆபீசர்கள் சாட்டோவின் தலைமையகத்தில் குண்டு போடத் திட்டமிட்டபோது, வேண்டாம், அவர் எனக்கு ரொம்ப உதவியான தளபதி என்று சொல்லித் தடுத்ததாக ஒரு வேடிக்கையும் உண்டு. நானும் சிரித்தேன்.

ஆலனிடம் வந்தால் கதை வேறு. திமாப்பூருக்குப் போ என்று சாட்டோவின் மேலதிகாரி முட்டாகுச்சி உத்தரவிட்டார். அதற்கும் மேலே இருந்த கவாபே அதை ரத்து செய்தார். போகாததற்கு முழுப் பழியும் சாட்டோ மேல் ஏற்ற முடியாது. மூன்று வாரச் சாப்பாட்டோடு மலைக்குள் அனுப்பப்பட்ட படை அது. கூட ஓட்டி வந்த மாடுகள் ஆற்றிலும் மலைப்பாதையிலும் செத்துக்கொண்டே வந்தன. சொன்ன அரிசி வரவே இல்லை. மே முடிந்து ஜூன் பிறக்கும்போது, மேலிடத்து உத்தரவை மீறிச் சாட்டோ தன் ஆட்களைப் பின்னுக்கு அழைத்துக்கொண்டு போனார். ராணுவ நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்ல விரும்பினார், மனநிலை சரியில்லை என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். இந்தப் படையெடுப்பில் முட்டாகுச்சிக்குக் கீழே இருந்த மூன்று டிவிஷன் தளபதிகளும் பதவி இழந்தார்கள். வந்த 85,000 பேரில் பாதிக்கு மேல் செத்தோ, காயப்பட்டோ, நோயில் விழுந்தோ போனார்கள்.

ஸ்லிம் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அவருக்குத் தெரிந்ததை எழுதினார். ஸ்லிம், ஆலன் இரண்டையும் கொஹிமா அத்தியாயத்தில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்த ராத்திரிதான் இந்தத் துறை எனக்குப் பித்தாகப் பிடித்தது.

ஜப்பானியச் சிப்பாய்களின் குரலுக்கு, கசுவோ தமயாமாவும் ஜான் நனலியும் தொகுத்த 'டேல்ஸ் பை ஜப்பனீஸ் சோல்ஜர்ஸ்'. சின்னச் சின்ன நினைவுகள், எங்கே திறந்தாலும் படிக்கலாம். தோற்ற பிறகு ரங்கூனில் பிரிட்டிஷாரிடம் கைதியாக இருந்ததைப் பற்றி ஐடா யூஜி எழுதியது இன்னொன்று. வென்றவர்கள் தங்களை மனிதர்களாகவே மதிக்காமல் நடந்துகொண்டார்கள் என்று அவருக்குக் கடைசி வரை ஆற்றாமை. ஃப்ரேசரின் வெறுப்போடு இதைச் சேர்த்துப் படியுங்கள். 'பர்மாவின் யாழ்' நாவலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழகான நூல், ஆனால் ஆசிரியர் தகேயாமா பர்மாவுக்குப் போனதே கிடையாது. போருக்குப் பிந்தைய ஜப்பானின் மனதைத் தெரிந்துகொள்ளப் படிக்கலாம், போர்முனையைத் தெரிந்துகொள்ள அது உதவாது.

18 ஜனவரி

நேற்று ராத்திரி கொஞ்சம் சூடாகிவிட்டது. ஸ்லிமின் புத்தகத்தில், ஜப்பானியர் பக்கம் நின்ற இந்திய தேசிய ராணுவத்தை (ஐ.என்.ஏ.) பற்றி வரும் இடங்களைப் படித்துவிட்டு ஒருவர் "இந்த ஆளையா சிபாரிசு செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். கோபம் புரிகிறது. ஸ்லிம் அவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆனால் அவரே எழுதிய ஒரு வரியைக் கவனியுங்கள். சரணடைய வந்த ஐ.என்.ஏ. வீரர்களைத் தன்னுடைய இந்திய, கூர்க்கா சிப்பாய்கள் சில சமயம் சரணடையவே விடவில்லை, இன்னும் அன்பாக வரவேற்கும்படி உத்தரவு போட வேண்டியிருந்தது என்கிறார். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது! எதிரெதிரே நின்ற இரு தரப்பும் ஒரே ஊர்க்காரர்கள், சில நேரம் ஒரே ரெஜிமென்ட்டில் சேர்ந்து சாப்பிட்டவர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் 25 லட்சம். அவர்களை எல்லாம் துரோகி என்பதா? இவர்களை எல்லாம் துரோகி என்பதா? அடைமொழி போட ஆரம்பித்தால் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

மறுபக்கத்துக்குப் பீட்டர் வார்டு ஃபே, 'தி ஃபர்காட்டன் ஆர்மி', 1993. கான்பூர் ஐஐடியில் சில காலம் இருந்த அமெரிக்க வரலாற்றாசிரியர். அங்கே ஐ.என்.ஏ.வில் இருந்த பிரேம் செகலும் லட்சுமி செகலும் அவருக்குப் பழக்கமானார்கள். புத்தகத்தின் முதுகெலும்பே அவர்கள் இருவரின் நினைவுகள்தான். லட்சுமி 1914இல் சென்னையில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1940இல் சிங்கப்பூர் போனவர். ஐ.என்.ஏ.வின் பெண்கள் படையான ஜான்சி ராணி ரெஜிமென்ட்டில் அவருக்குக் கீழே சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் துப்பாக்கி பிடித்தார்கள். மேலே 9ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன அதே தோட்டங்கள்தான். ஒரு லயத்திலிருந்து அண்ணன் சயாமுக்கும் தங்கை ராணுவ முகாமுக்கும் போயிருக்கக் கூடிய காலம் அது.

ஃபேக்கு ஐ.என்.ஏ. மேல் பாசம் அதிகம், அவர் அதை மறைக்கவில்லை. அதனால் ஸ்லிமுக்கு எதிர் எடையாக நன்றாக உட்காரும்.

21 ஜனவரி

அதிகாரபூர்வ வரலாறு வேண்டும் என்பவருக்கு: பிஷேஷ்வர் பிரசாத் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து, இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்த பிறகும் சேர்ந்து வெளியிட்ட இரண்டாம் உலகப் போர் வரிசை இருக்கிறது. பர்மாவுக்கு மட்டும் தனித் தொகுதிகள். நடை சுண்ணாம்பு மாதிரி வறண்டுதான் இருக்கும். ஆனால் எந்தப் பட்டாலியன் எந்த நாளில் எந்த மலையில் இருந்தது என்று தேட வேண்டுமென்றால் அதற்குத்தான் போக வேண்டும். முதலிலிருந்து கடைசி வரை படிக்காதீர்கள். தாத்தா எந்த ரெஜிமென்ட் என்று தெரிந்தவர்கள், பின்னிணைப்பில் தொடங்குங்கள்.

26 ஜனவரி

பேச்சு 1962 இந்திய-சீனப் போருக்குத் திரும்பிவிட்டது, திரும்பட்டும். இரண்டு வாயிலிருந்து கேட்கும் முறைக்கு அதைவிட நல்ல களம் கிடையாது. பர்மாவில் வென்றவர்கள் எழுதினார்கள், இங்கே தோற்றவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் எழுதினார்கள்.

1962 அக்டோபர் 10 காலை, நம்கா சூ ஆற்றுப் பள்ளத்தாக்கு. எதிரே தாக் லா முகடு, மேலே சீனப் படை, கீழே நம் 7ஆவது பிரிகேட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங் ஜோங்கில் ஏறியிருந்த பஞ்சாபிகள் மேல் சீனர்கள் பாய்கிறார்கள். அந்தச் சண்டையைக் கீழே ஒரே இடத்திலிருந்து இரண்டு பேர் பார்க்கிறார்கள்: டெல்லியிலிருந்து வந்த கோர் (டிவிஷனுக்கு மேலான படைப்பிரிவு) தளபதி பி. எம். கவுல், பிரிகேட் தளபதி ஜான் டால்வி. கவுல் 1967இல் 'தி அன்டோல்டு ஸ்டோரி' எழுதினார், டால்வி 1969இல் 'ஹிமாலயன் பிளண்டர்' எழுதினார். அந்த ஒரு காலையை மட்டும் இரண்டிலும் எடுத்துப் படியுங்கள். யார் என்ன சொன்னார்கள், யார் எதைத் தடுத்தார்கள் என்பதில் இருவரும் ஒத்துப்போகிற இடம் எது, விலகுகிற இடம் எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து, 20ஆம் தேதி விடியலில், அந்தப் பள்ளத்தாக்கில் பிரிகேட் நொறுங்கியது. 22ஆம் தேதி டால்வி சிறைபிடிக்கப்பட்டார்.

அவர்களுக்கு நடுவில் இருந்த டிவிஷன் தளபதி நிரஞ்சன் பிரசாத் 1981இல் தன் பக்கத்தைச் சொன்னார். டெல்லியில் ராணுவ நடவடிக்கை இயக்குநராக இருந்த டி. கே. பாலித் 1991இல் எழுதினார். நெவில் மேக்ஸ்வெல் 1970இல் எழுதியது சீனத் தரப்புக்குச் சாய்வு, ஆனால் உள்ளே வைத்திருக்கும் தகவலுக்காகத் தவிர்க்க முடியாது. டால்வியைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். உணர்ச்சி கொப்பளிக்கும் எழுத்து, படித்ததும் கவுல் மேல் கொலைவெறி வரும். நான் சொல்வது: கவுலை முதலில் படித்துவிடுங்கள். டால்வியைப் படித்த பிறகு கவுலுக்குக் காது கொடுக்க யாராலும் முடிவதில்லை.

2 பிப்ரவரி

இன்னும் ஒன்றை இங்கே குறிப்பிடவே இல்லை என்று ஒரு தம்பி தனிச் செய்தியில் கேட்டார். கிறிஸ்டோபர் பெய்லியும் டிம் ஹார்ப்பரும் எழுதிய 'ஃபர்காட்டன் ஆர்மீஸ்', 2004. ஃபேயின் புத்தகத்தோடு தலைப்பில் குழம்பிவிடாதீர்கள். வங்கப் பஞ்சம், தோட்டக் கூலிகள், அகதிகள், சிங்கப்பூர், ஐ.என்.ஏ., ஸ்லிமின் படை எல்லாம் ஒரே நூலில் வரும். கல்கத்தாவிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே பிறை வடிவப் பிரதேசமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே நான் துண்டு துண்டாகச் சொன்னதெல்லாம் அதில் சேர்ந்து நிற்கிறது.

அதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றால், அதில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் புதிதாக வருவார்கள். ஸ்லிம், ஃப்ரேசர், சர்மா மூன்றும் படித்தவருக்கு அது விருந்து. புதிதாக வருகிறவர் மறுபடி முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிடுவார். என் வரிசை இப்போதைக்கு இப்படி: ஸ்லிம், உடனே சர்மா, பிறகு ஃப்ரேசர், ஆலன், ஃபே, அதற்கப்புறம் இது. முதலில் எழுதியபோது சர்மாவை நான்காவதாக வைத்திருந்தேன், இப்போது இரண்டாவதாக ஏற்றியிருக்கிறேன். 1942 பின்வாங்கல் மனதில் சூடாக இருக்கும்போதே அந்தப் பாதையை அகதியோடும் ஒரு முறை நடந்துவிட வேண்டும். சிங்காரத்தை எப்போது வேண்டுமானாலும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள்.